தொட்டியின் கல்லீரல்

என்கிட்ட யாராவது கேட்டா நான் என்ன சொல்லுவேன்? சரின்னுதான் சொல்லுவேன்னு நினைக்கிறேன். ஆனா கேக்கணும் இல்லையா. கேட்டாத்தானே சொல்ல முடியும்.

அவள் இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோது அறையில் அவளுடைய கல்லீரலைப் பற்றித்தான் பேச்சு நடந்துகொண்டிருந்தது. டாக்டரின் மேஜைக்கு முன்னால் மூன்று நாற்காலிகள். ஒன்றில் அண்ணன், ஒன்றில் அண்ணி, ஒன்றில் அம்மா. அவள் கதவோரம் நின்றிருந்தாள். யாரும் வேண்டுமென்றே அவளை நிற்க வைக்கவில்லை. மூன்று நாற்காலி இருக்கும் இடத்தில் நான்காவது ஆள் நிற்பதும், அந்த நான்காவது ஆள் அவளாக இருப்பதும் தானாக நடந்துவிடுகிற காரியங்கள்.

அண்ணனின் ஈரல் சுருங்கிக் கெட்டியாகிவிட்டது. வயிற்றில் நீர் கோத்து, கால்சட்டைப் பொத்தான் போட முடியாமல், மேலே ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே வருகிறான். கண்கள் மஞ்சள். அவன் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. இதைத் தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அம்மாவின் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். யாரும் நம்பவில்லை. ஈரல் கெட்டவன் குடிகாரன் என்பது தெருவின் தீர்ப்பு.

"குடிக்காமலே வரும்மா," என்றார் டாக்டர். முடியைக் குட்டையாக வெட்டிய, அவசரமில்லாத பெண். "ஈரல்ல கொழுப்பு படியும். சும்மா படிஞ்சு கிடந்தா பரவாயில்லை. சில பேருக்கு அது உள்ளுக்குள்ள கனல ஆரம்பிச்சுடும். கனன்று கனன்று தழும்பாகும். உங்க பையனுக்கு முழுக்கத் தழும்புதான். வேற ஈரல் வெச்சாத்தான் உண்டு. செத்தவங்ககிட்டேருந்து கிடைக்கும், ஆனா அதுக்கு வரிசை நீளம். இவரால அவ்வளவு நாள் தாங்க முடியாது."

"அதான் இவ இருக்காளே," என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமல் கட்டைவிரலைப் பின்னால் காட்டி.

அண்ணிக்கு ரத்த வகை சேரவில்லை. அம்மாவுக்கு வயது கடந்துவிட்டது. அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு எல்லாம் சேர்ந்தது, ஒன்றைத் தவிர.

டாக்டர் அவளுடைய முடிவுகளை எடுத்துப் பார்த்தார். "தங்கச்சிக்கும் ஈரல்ல கொழுப்பு நிறைய இருக்கு. கனலவும் ஆரம்பிச்சிருக்கு. இந்த சி.ஆர்.பி.ன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, உடம்புக்குள்ள எங்கயாவது அழற்சி இருந்தா ரத்தத்துல இது ஏறும். இவங்களுக்கு ஏழு. மூணுக்கு மேல போனாலே யோசிக்கணும். எஸ்.ஜி.பி.டி.ன்னு ஈரலுக்குப் பாக்கற கணக்கும் ஏறியிருக்கு. பல்லு, தொண்டை, சளி எல்லாம் பாத்தாச்சு, வேற காரணம் இல்லை. ஈரல்தான். இப்படி இருக்கறதை வெட்டி வெக்க முடியாது. இவங்களுக்கும் ஆபத்து, அவருக்கும் ஒட்டாது."

"ஐயோ, இவளுக்கு எப்படி டாக்டர்?" அண்ணிக்கு உண்மையாகவே ஆச்சரியம். "இவ தனியா தட்டு போட்டுச் சாப்பிட்டு நாங்க யாருமே பார்த்ததில்லையே."

அது உண்மை. அவள் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் எழுந்த பிறகு, தட்டுகளைக் கழுவும் இடத்துக்குக் கொண்டுபோய், கழுவுவதற்கு முன்னால் நின்றபடியே சாப்பிடுவாள். அண்ணன் எப்போதும் தேவைக்கு மேல் போட்டுக்கொள்வான். பாதி தின்றதும் தட்டைத் தள்ளுவான். சின்ன வயதில் அப்படித் தள்ளியபோது ஒருநாள், "குப்பைத்தொட்டிக்குப் போடு," என்று அவளைக் காட்டினான். வீடு முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் தொட்டி. பள்ளிக்கூடம் விட்டு, வீட்டோடு தங்கி, அப்பா போய், அண்ணன் சலவைக்கடை வைத்து, அதன் பின்னறையில் அவள் கறை எடுக்க ஆரம்பித்து, எல்லாம் ஆன பிறகும் தொட்டிதான். அதில் கோபமோ கேலியோ இப்போது கிடையாது. நாற்காலியை நாற்காலி என்பதுபோலத்தான்.

ஒரே சாப்பாடு, என்று நினைத்தாள். அவன் முதல் பாதி. நான் பின்பாதி. அதுக்கு ரெண்டு ஈரல்.

"எடை குறைஞ்சா கொழுப்பு இறங்கும். கொழுப்பு இறங்கினா இந்த நம்பரும் இறங்கும்," என்றார் டாக்டர். அப்புறம் முதல்முறையாகக் கதவுப் பக்கம் பார்த்தார். "உங்களுக்கு இதுல சம்மதமான்னு நான் இப்பக் கேக்கப்போறதில்லை. அதுக்குன்னே இங்க ஒருத்தங்க இருக்காங்க. ரத்தம் சரியானதும் தனியாக் கூப்பிட்டுப் பேசுவாங்க."

"சம்மதம்தான் டாக்டர்," என்றாள் அம்மா.

---

சலவைக்கடையின் பின்னறையில் ஒரு தராசு உண்டு. தரையோடு ஒட்டிய இரும்புப் பலகையும், ஆள் உயரத்தில் முள்ளும். விடுதிகளிலிருந்து வரும் விரிப்பு மூட்டைகளை அதில் ஏற்றிக் கிலோக் கணக்கில் வாங்குவார்கள். இப்போது காலையில் கடை திறந்ததும் முதல் மூட்டை அவள்தான்.

"செருப்பைக் கழட்டு," என்பாள் அண்ணி. "நேரா நில்லு. மூச்சைப் பிடிக்காத, அதெல்லாம் முள்ளுக்குத் தெரியும்."

இஸ்திரி போடுகிறவர் நீராவிக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்ப்பார். "அக்காவுக்கு ரசீது போடணுமா? வெள்ளையா, கலரா?"

"கொழுப்பு எடுக்கிற மூட்டை," என்பாள் அண்ணி. "நல்லா ஊற வெச்சு அடிக்கணும்."

இருவரும் சிரிப்பார்கள். அவளும்தான். சிரிக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டும், காலை நேரத்தில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

டாக்டர் சீட்டில் எழுதிக்கொடுத்தது ஒன்று. அண்ணி செய்தது வேறு. சீட்டில் இருந்தபடி செய்தால் மாதக் கணக்கில் ஆகும் என்று அண்ணிக்குப் பட்டது. அண்ணனின் வயிறு அவ்வளவு நாள் பொறுக்குமா? ஆகவே சமையலறைக்குப் பூட்டு வந்தது. காலையில் ஒரு கோப்பை தேநீர், சர்க்கரை இல்லாமல். மதியம் வெந்த காய்கறி வடித்த தண்ணீர், அதில் இரண்டு காய்த்துண்டு மிதந்தால் அது அன்றைக்கு யோகம். சாயங்காலம் பாதி ஆப்பிள்.

பசி அவளுக்குப் பழக்கமில்லாத பொருளாக இருந்தது. இவ்வளவு நாளும் அவளுக்குப் பசித்ததே இல்லை என்பதை இப்போதுதான் கண்டுபிடித்தாள். பசித்துச் சாப்பிட்டதில்லை, வீணாகக்கூடாது என்று சாப்பிட்டிருக்கிறாள். இப்போது கறை எடுக்கும் மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. யாரோ ஒருவருடைய கோட்டில் காய்ந்திருந்த சாப்பாட்டுக் கறையைத் துணியால் ஒற்றி எடுக்கும்போது, அதன் வாசனை வந்தது. அவள் குனிந்து முகர்ந்தாள். பிறகு, தான் செய்தது என்ன என்று அவளுக்குப் புரிந்தது. நிமிர்ந்து வேலையைத் தொடர்ந்தாள்.

தட்டுகள் என்ன ஆயின? அண்ணன் இப்போதும் பாதியில் தள்ளினான். அவனால் பாதிகூட முடியவில்லை. அண்ணி அதை உண்மையான தொட்டியில் கொட்டினாள். கொட்டும்போது ஒவ்வொரு முறையும், "வீணாப் போகுது பாரு," என்று அவளைப் பார்த்துச் சொன்னாள், அவள் ஏதோ வேலைக்கு மட்டம் போட்டுவிட்டதுபோல.

தராசின் முள் வேகமாக இறங்கியது. வீட்டில் உற்சாகம். அம்மாகூட ஒருநாள் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "முகத்துல எலும்பு தெரியுதே. பரவாயில்லையே," என்றாள். இந்த வயதில் பாதி இருக்கும்போதே இது நடந்திருந்தால் எங்காவது கட்டிக்கொடுத்திருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொண்டாள்.

ரத்தம் எடுக்கப் போனார்கள். எடுக்கிற பெண் அவளுடைய பெயரைப் படித்து உரக்கக் கூப்பிட்டாள். அவள் ஒரு நொடி அசையவில்லை, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து. அண்ணி முழங்கையால் இடித்தாள். "உன்னைத்தான் தொட்டி."

முடிவு வந்தபோது சி.ஆர்.பி. பதினொன்று. எஸ்.ஜி.பி.டி.யும் ஏறியிருந்தது.

அன்றைக்கு அண்ணி வீட்டுக்குத் திரும்பி உள்ளே நுழைந்ததும் நேராக அவள் படுக்கும் இடத்துக்குப் போனாள். தலையணையை உறையிலிருந்து உருவினாள். மெத்தையைத் தூக்கினாள். துணி வைக்கும் பெட்டியைக் கவிழ்த்தாள்.

"எங்க வெச்சிருக்க?"

"எதை அண்ணி?"

"எதையா? காத்தைக் குடிச்சா ரத்தத்துல கொழுப்பு ஏறும்? திருட்டுத்தனமாத் தின்னிருக்க. கடையில அந்த இஸ்திரிக்காரன் வாங்கித் தர்றானா?"

"நான் எதுவும் சாப்பிடலை."

"வாயைத் திற," என்றாள் அம்மா.

அவள் திறந்தாள். அம்மா மூக்கைக் கிட்டக் கொண்டுவந்து முகர்ந்தாள். பட்டினி கிடப்பவரின் வாயில் வரும் புளித்த வாடை அடித்திருக்க வேண்டும். அம்மா முகத்தைச் சுளித்து, "ஏதோ தின்னிருக்கா," என்றாள்.

அண்ணன் சோபாவில் சாய்ந்திருந்தான். வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தான், அது எங்காவது உருண்டு போய்விடும் என்பதுபோல. "விடுங்க," என்றான். "தொட்டியைக் காலியா வெச்சிருன்னா எப்படி இருக்கும்?" சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது. அண்ணி ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

அவளுக்குக் கோபம் வந்ததா? அன்று படுத்தபடி அதைத்தான் தேடினாள். துவைக்கப் போடும் முன் ஒவ்வொரு சட்டைப் பையையும் வெளியே இழுத்துத் துழாவுவது அவளுடைய வேலை. பேனா இருந்தால் மொத்தத் துணியும் பாழ். அப்படித்தான் தனக்குள்ளும் துழாவினாள். கோபம் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக வேறு ஒன்று கிடைத்தது. பதினொன்று என்ற எண்ணின் மேல் ஒரு சின்னப் பிரியம். அவளுக்குச் சொந்தமான ஒரு பொருள் அவர்கள் எல்லோரையும் ஆட்டி வைத்தது அதுதான் முதல் தடவை.

---

டாக்டர் அவளைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். அண்ணி பதில் சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். "அவங்க சொல்லட்டும்."

அவள் சொன்னாள். தேநீர், காய்த் தண்ணீர், பாதி ஆப்பிள்.

"நான் இதையா எழுதிக் குடுத்தேன்?" டாக்டர் அண்ணி பக்கம் திரும்பினார். "பட்டினி போட்டா உடம்புல அங்கங்க இருக்கற கொழுப்பு எல்லாம் கரைஞ்சு ஒரேடியா ஈரலுக்குத்தான் வரும். ஏற்கெனவே கனலுற இடத்துல கொண்டுபோய்க் கொட்டுற மாதிரி. அதான் நம்பர் ஏறியிருக்கு. இவங்க திருடித் தின்னிருந்தாக்கூட இவ்வளவு ஏறியிருக்காது."

அண்ணியின் காது சிவந்தது. அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

"மெதுவா இறக்கணும். வேளைக்கு வேளை, புதுசாச் சமைச்சது, தனித் தட்டுல, அளவா. மிச்சம் மீதியெல்லாம் கூடாது. நல்லா நடக்கணும். நல்லாத் தூங்கணும். மனசை நோகடிக்கக்கூடாது." கடைசியாகச் சொன்னதைச் சீட்டில் எழுதவில்லை.

வெளியே வந்ததும் அம்மாதான் முதலில் பேசினாள். "முன்னாடியே சரியாச் சொல்லியிருக்கலாம் இந்த டாக்டர்."

திருடித் தின்றாள் என்றதை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் மறுநாளிலிருந்து வீட்டின் நடைமுறை தலைகீழானது. அவளுக்கென்று ஒரு தட்டு வாங்கினார்கள், சோற்றுக்கும் காய்க்கும் தனித்தனியாகத் தடுப்புப் பிரித்தது. சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு ஓர் இடம். அண்ணி அவளுக்கு முதலில் பரிமாறினாள். காய், முட்டை, கைப்பிடிச் சோறு, ஒரு துண்டு மீன், எண்ணெய் படாமல் வேகவைத்தது. "சூடா இருக்கு, ஊதிச் சாப்பிடு," என்றாள் அண்ணி. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அண்ணி பார்த்துக்கொண்டிருந்தது தட்டை.

முதல் நாள் அவளால் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் கால்கள் தரையில் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தன. இரண்டு வாய் போட்டுக்கொண்டதும் எழுந்துவிட்டாள்.

"உக்காரு," என்றாள் அம்மா. "முழுசாச் சாப்பிடு. என் புள்ளைக்குப் போறது."

பழகிவிட்டது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சூடான சாப்பாட்டுக்கு இப்படி ஒரு வாசனை உண்டென்று இத்தனை வயதில் தெரிந்துகொள்வது எவ்வளவு கேவலம். சாயங்காலம் அம்மா அவளை நடக்கக் கூட்டிப்போனாள். கடைத்தெருவைத் தாண்டி, பாலம் வரை போய்த் திரும்புவார்கள். எதிரில் வண்டி வந்தால் அம்மா அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். சின்ன வயதில்கூட அம்மா அப்படி இழுத்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. அந்தக் கை உள்ளே இருக்கும் ஈரலைத்தான் இழுக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அடுத்த வண்டி எப்போது வரும் என்று பார்த்தாள்.

தன்னைப் பற்றி அவளுக்கு அப்போது வந்தது இரக்கமில்லை, அருவருப்பு. கசாப்புக்குப் போகும் ஆடு தழைக்கு நன்றி சொல்லுமா?

ஆனாலும், யாராவது கேட்டால் சரி என்று சொல்லிவிடுவேன் என்றுதான் அப்போதும் நினைத்தாள். அண்ணனே கேட்டால் இன்னும் நல்லது.

ஒருநாள் அவன் கேட்கப்போவதுபோல் இருந்தது. கடையில் கூட்டமில்லாத மதியம். முன்பக்கக் கல்லாவிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து, அவளுடைய கறைமேஜைக்கு வந்தான். இங்கே அவன் வருவதே இல்லை. மருந்து நெடி ஆகாது என்பான். ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். அவளுடைய கையில் ஒரு நீலச் சட்டை. யாருக்கோ மூக்கில் அடிபட்டு மார்பெல்லாம் ரத்தம். ரத்தக்கறைக்கு வெந்நீர் கூடாது, வெந்நீர் பட்டால் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில்தான் மெல்ல மெல்லக் கரைக்க வேண்டும். அவள் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டி," என்றான்.

"என்னண்ணா?"

"பயமா இருக்கு."

அவள் கையை நிறுத்தினாள். குழாயை மூடினாள். அவனுடைய மஞ்சள் கண்கள் அவள் முகத்தில் எதையோ தேடின. இதோ, கேட்கப்போகிறான். கேட்டால் உடனே சொல்லிவிட வேண்டும், அவனைக் காக்க வைக்கக்கூடாது. சொல்லவேண்டிய வார்த்தை நாக்கின் நுனியில் தயாராக இருந்தது.

அவன் பார்வை இறங்கிச் சட்டைக்குப் போனது. "கறை போயிடுமில்ல? சாயங்காலம் வந்து கேப்பான்."

"போயிடும்ணா."

அவன் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனான். அவள் குழாயைத் திறந்தாள்.

---

மூன்றாம் முறை எடுத்த ரத்தத்தில் சி.ஆர்.பி. ஒன்றுக்கும் கீழே. எஸ்.ஜி.பி.டி. சரியான அளவு. படம் எடுத்துப் பார்த்ததில் ஈரலில் கொழுப்பு அநேகமாக இல்லை.

"அருமை," என்றார் டாக்டர், அவளைப் பார்த்தே. "கனல் அணைஞ்சுடுச்சு. உங்களுக்கே இது நல்லது, விட்டிருந்தா இன்னும் பத்துப் பதினைஞ்சு வருஷத்துல உங்க அண்ணன் இருக்கற இடத்துல நீங்க இருந்திருப்பீங்க." நாளைக் காலையில் வரச் சொன்னார். பேசவேண்டியவர் பேசுவார், அது முடிந்தால் நாள் குறித்துவிடலாம்.

"ஈரல்ல எவ்வளவு எடுப்பீங்க?" என்றாள் அண்ணி.

"பாதிக்கு மேல. பயப்பட வேண்டாம், ஈரல் திரும்ப வளர்ந்துடும்."

"திரும்ப வளருமா!" அண்ணனின் முகம் மாதக் கணக்கில் காணாத விதமாக மலர்ந்தது. "அப்ப தொட்டி நிரம்பிக்கிட்டே இருக்கும்னு சொல்லுங்க. வேணுங்கறப்ப எல்லாம் எடுத்துக்கலாம்."

அம்மா சிரித்தாள். அண்ணி சிரித்தபடி கண்ணைத் துடைத்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. அவள் சிரித்தாளா என்று யாரும் பார்க்கவில்லை. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

அன்று வீட்டில் நல்ல சமையல். அண்ணனுக்குப் பிடித்ததெல்லாம், டாக்டர் வேண்டாம் என்றதும் சேர்த்து. ஒருநாள்தானே என்றாள் அம்மா. மேஜையில் தடுப்புத் தட்டு வைக்கப்படவில்லை. மறந்திருக்கலாம். அவள் தன் நாற்காலிப் பக்கம் போனாள். அங்கே பாத்திரங்களை அடுக்கியிருந்தார்கள். சமையலறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வந்து பரிமாற ஆள் தேவைப்பட்டது, அவள் பரிமாறினாள்.

அண்ணன் வழக்கம்போல நிறையப் போட்டுக்கொண்டான். நாலு வாய்க்கு மேல் போகவில்லை. அம்மாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமலே, தட்டை அவள் நின்ற பக்கமாகத் தள்ளினான்.

"இந்தா தொட்டி."

அதில் வன்மம் ஏதும் இருந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். இல்லை. அது கையின் பழக்கம். கதவைச் சாத்துவதுபோல, விளக்கை அணைப்பதுபோல. அண்ணி பார்த்தாள். ஒரு நொடி அவளுடைய புருவம் சுருங்கியது, ஏதோ விதி மீறப்பட்டது என்று ஞாபகம் வந்தவள்போல. அப்புறம் நம்பர்தான் சரியாகிவிட்டதே என்பதும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "எடுத்துக்க, வீணாப் போகுது," என்றாள்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு கழுவும் இடத்துக்குப் போனாள். நின்றாள். எண்ணெய் மிதக்கும் மிச்சத்தில் அவனுடைய விரல்கள் போன தடம் இருந்தது. அவளுக்குப் பசித்தது. நன்றாகவே பசித்தது, இப்போதுதான் அவளுக்குப் பசிக்கத் தெரியுமே. வெகுநேரம் தட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டு, தொட்டியில் கொட்டிவிட்டுக் கழுவிக் கவிழ்த்தாள். அன்று வெறும் வயிற்றோடு படுத்தாள்.

---

பேசவேண்டியவரின் அறையில் இரண்டே நாற்காலிகள், இரண்டும் ஒரே மாதிரி. அவள் கதவோரம் நின்றாள்.

"உக்காருங்க," என்றார் அந்த அம்மாள். நரைத்த கொண்டை, கழுத்துச் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. கதவைச் சாத்தி வெளியே இருந்த மூவரையும் மறைத்தார். "இங்க பேசறது இந்த அறையை விட்டுப் போகாது. சரியா?"

தலையாட்டினாள்.

ஆபரேஷன் எப்படி நடக்கும், எவ்வளவு வலிக்கும், சில பேருக்கு என்ன ஆகியிருக்கிறது, ஆயிரத்தில் எத்தனை பேர் எழுந்து வரவில்லை, எல்லாவற்றையும் அந்த அம்மாள் ஒளிக்காமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். பயம் வரவில்லை.

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்லைங்க."

"பணம், சொத்து, அந்த மாதிரி?"

"இல்லைங்க."

"அண்ணன் உங்ககிட்ட எப்படிக் கேட்டார்? அவர் சொன்ன வார்த்தையையே சொல்லுங்க, பரவாயில்லை."

அவள் சொல்வதற்கு வாயைத் திறந்தாள்.

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறான். பயமா இருக்கு. அதற்கப்புறம் அவன் என்ன சொன்னான்? கறை போயிடுமில்ல. அது இல்லை, வேறு எப்போதோ கேட்டிருப்பான். டாக்டர் முன்னால்? அதான் இவ இருக்காளே. அது அம்மா. தராசு முன்னால்? செருப்பைக் கழட்டு. அது அண்ணி. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, திரும்பும்போது, சாப்பாட்டு மேஜையில், எங்காவது. அவள் ஒவ்வொரு பையாக வெளியே இழுத்துத் துழாவினாள். இந்தா தொட்டி.

அந்த அம்மாள் அவசரப்படுத்தவில்லை.

"கேக்கலைங்க," என்றாள் அவள் கடைசியில். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று தெரிந்தது. "யாருமே கேக்கலை."

"இப்ப நான் கேக்கறேன். உங்களுக்கு இதுல விருப்பமா?"

இத்தனை நாளும் நாக்கின் நுனியில் இருந்த பதில் அங்கே இல்லை. எப்போது போனது? நேற்றுத் தட்டோடு போயிருக்குமா, அதற்கும் முன்பேயா? அதன் இடத்தில் வேறு பதில் ரொம்ப நாளாகவே உட்கார்ந்திருப்பதுபோல் நிதானமாக இருந்தது.

"இல்லை," என்றாள்.

அந்த அம்மாள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "சரி. உங்க அண்ணனுக்கு வேற வழி கிடைக்காமலும் போகலாம். அது தெரிஞ்சுதான் சொல்றீங்க?"

"தெரிஞ்சுதான்."

"இதுல தப்பு ஒண்ணும் இல்லை. வெளியில உங்களுக்குத் தொந்தரவு வராது. மருத்துவ ரீதியாப் பொருந்தலை, ரத்தத்துல இன்னும் குறை இருக்குன்னு நாங்க சொல்லிடுவோம். எல்லாருக்கும் அப்படித்தான் செய்யறது. காரணம் யாருக்கும் தெரியவராது."

எவ்வளவு சுலபம். வெளியே போய்த் தலையைக் குனிந்து நின்றால் போதும். அண்ணி தலையணையை உருவுவாள். அம்மா வாயை முகர்வாள். தொட்டி மறுபடி திருடித் தின்றுவிட்டது, அதன் ரத்தம் கெட்டது, வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்று பேசிக்கொள்வார்கள். அண்ணன் செத்தால்கூட அது அவள் தின்ற வாயால் செத்ததாக ஆகும். பழகிய இடம்தான்.

"அப்படிச் சொல்லாதீங்க," என்றாள்.

"பின்னே?"

"ரத்தம் நல்லா இருக்குன்னு சொல்லுங்க. ஒண்ணுக்கும் கீழ இருக்கு. குறையே இல்லை. நான்தான் தரலைன்னு சொல்லுங்க." சற்று யோசித்தாள். "வேண்டாம், நானே சொல்லிக்கறேன்."

"ஏன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

வெளியே நடையில் மூவரும் வரிசையாக நாற்காலிகளில். அண்ணன் வயிற்றைப் பிடித்தபடி, அண்ணி கைப்பையைப் பிடித்தபடி, அம்மா அண்ணன் முதுகைத் தடவியபடி. கதவு திறந்ததும் மூன்று தலைகளும் நிமிர்ந்தன.

"கையெழுத்துப் போட்டாச்சா?" என்றாள் அண்ணி.

"ரத்தம் எல்லாம் சரியா இருக்கு அண்ணி. நான் தரலைன்னு சொல்லிட்டேன்."

அம்மா சத்தம் போட்டாள். அண்ணி எழுந்து கையை ஓங்கினாள். ஒரு நர்ஸ் வந்து நடுவில் நின்றாள். உண்டு கொழுத்தவ, நன்றி கெட்டவ, கூடப் பொறந்தவனைக் கொல்றா என்று வார்த்தைகள் நடையின் இரண்டு பக்கமும் போய்த் திரும்பின. காத்திருந்த மற்ற நோயாளிகள் பார்த்தார்கள். அவள் பார்த்தது அண்ணனை மட்டும்தான்.

அவன் சத்தம் போடவில்லை. நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழ முயன்றான், முடியவில்லை. கையை நீட்டினான். அவள் கிட்டப் போனாள். அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். தொட்டி என்றில்லை, பெயரை. ரத்தம் எடுக்கிற பெண்ணுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமே தெரிந்த அந்தப் பெயர் அவனுடைய வாயில் கொஞ்சம் தடுமாறி வந்தது.

"எனக்குக் குடுக்கறியா?" என்றான். மஞ்சள் கண்களில் நீர் நிரம்பியது. "உன்னைக் கேக்கறேன். தர்றியா?"

அவள் காத்திருந்தது இதற்குத்தான். வார்த்தைகூட அவள் நினைத்து வைத்திருந்தபடியே இருந்தது. அவனுடைய நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது, தோல் வெங்காயச் சருகுபோல. ஒரு தடவை, கடைசியாக, தனக்குள்ளே துழாவிப் பார்த்தாள். அவனுக்காக ஏதாவது இருந்தால் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றுதான்.

"இல்லைண்ணா," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.